விக்கியில் புதிய வசதியைத் திறக்கும் முன்: மூடிய சோதனையை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இது: "மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் ஒரு தமிழ் விக்கியை நடத்துகிறோம். பக்கத்தை வாசகர் பார்க்கும் தோற்றத்திலேயே தொகுக்க உதவும் விஷுவல் எடிட்டரையும், பேச்சுப் பக்கங்களில் ஒரே சொடுக்கில் பதில் எழுத உதவும் கருவியையும் கொண்டுவரப் போகிறோம். எல்லோருக்கும் திறப்பதற்கு முன் ஒரு சிறு குழுவிடம் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் நடத்த வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

ஆட்கள், நாட்கள் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "எதைக் கண்டால் இந்த வசதியைத் திறக்க மாட்டோம்?" என்ற கேள்விக்கு உங்கள் குழுவின் பதிலை எழுதிவையுங்கள். சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால், அதுவரை கொட்டிய உழைப்பே "பரவாயில்லை, திறந்துவிடலாம்" என்று எழுத வைத்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு 2013-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்தது ஒரு காரணம். விஷுவல் எடிட்டர் அங்கே ஒரே நாளில் வந்து இறங்கவில்லை. 2012 டிசம்பரிலிருந்தே, விரும்பியவர்கள் தங்கள் விருப்பத்தேர்வுகளில் இயக்கிப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அரையாண்டுக்கும் மேல் அப்படி ஓடியது. 2013 ஜூலை 1 அன்று கணக்கு வைத்திருக்கும் பயனர்களுக்கும், இரண்டு வாரம் கழித்துக் கணக்கில்லாதவர்களுக்கும் இயல்பாகவே வரும்படி செய்தார்கள். உடனே புகார்கள் குவிந்தன. தொகுத்த பக்கங்களில் விக்கிக் குறிகளைச் செயல்படாமல் தடுக்கும் 'நோவிக்கி' குறிகள் தேவையில்லாமல் முளைத்தன. தொகுப்பி தன் உள்வேலைக்காக வைத்திருந்த ஒரு சதுரங்கச் சிப்பாய்க் குறி (♙) கட்டுரைகளுக்குள்ளேயே சேமிக்கப்பட்டுவிட்டது. நீளமான பக்கங்கள் திறக்க நேரமெடுத்தன. மேற்கோள்களையும் அட்டவணைகளையும் கையாளப் பழைய ஆட்களே திணறினார்கள். செப்டம்பர் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசி, விரும்பியவர்களுக்கு மட்டும் என்ற பழைய நிலைக்கே அதைத் திருப்பினார்கள்.

சோதனையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விரும்பி இயக்கியவர்களின் சோதனை அது. ஆர்வலர்கள் குறைகளைப் பொறுத்துக்கொள்வார்கள், சிக்கல் வந்தால் மூலநிரல் தொகுப்புக்குத் தாவிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. எந்த அளவு எழுத்துச் சேதம் வந்தால் நிறுத்துவது என்ற கோடு திறப்பதற்கு முன் தெளிவாகப் போடப்பட்டிருந்தால், அந்தக் கோடைகாலம் வேறுமாதிரி போயிருக்கும் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டு வந்த மீடியா வியூவரின் கதை வேறு. படத்தைச் சொடுக்கினால் விவரப் பக்கத்துக்குப் போகாமல் பெரிதாக்கிக் காட்டும் வசதி அது. 2013 நவம்பரில் தொடங்கிய 'பீட்டா வசதிகள்' பட்டியலில் பல மாதம் இருந்துவிட்டு, 2014 ஜூனில் ஆங்கில, ஜெர்மன் விக்கிப்பீடியாக்களுக்கு இயல்புநிலையாக வந்தது. இங்கே எழுத்து எதுவும் கெடவில்லை. ஆனால் படத்தின் உரிமமும் படைப்பாளர் பெயரும் வாசகர் கண்ணில் எப்படிப் படுகின்றன என்பதில் தொகுப்பவர்களுக்கு வேறு கருத்து இருந்தது. ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை அணைக்கச் சொன்னார்கள். தளத்தின் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வழியாக ஒரு நிர்வாகி அணைக்கவும் செய்தார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஆகஸ்ட் 10 அன்று 'சூப்பர்புரொடெக்ட்' என்ற புதிய காப்பு நிலையைக் கொண்டுவந்து, நிர்வாகிகளே தொட முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டியது. அந்தக் காப்பு நிலையே 2015 நவம்பரில்தான் நீக்கப்பட்டது. அதுவரை ஏற்பட்ட மனக்கசப்பு, எந்த வழுவைத் திருத்தியும் போகக்கூடியதாக இருக்கவில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளையும் பிரித்து வையுங்கள். "இது எழுத்தைக் கெடுக்கிறதா, தளத்தை மெதுவாக்குகிறதா, யாருக்காவது கூடாத அனுமதி கிடைக்கிறதா?" என்பதற்கு மூடிய சோதனை பதில் சொல்லும். "இது நமக்கு வேண்டுமா?" என்பதற்கு அது ஒருநாளும் பதில் சொல்லாது. அதற்கு உங்கள் ஆலமரத்தடிதான், அதாவது விக்கியின் பொது உரையாடல் பக்கம்தான், இடம். சோதனை நடக்கிறது, இன்னார் பார்க்கிறார்கள், இந்த நாளில் முடியும், முடிவை இங்கே வந்து சொல்வோம் என்று முதல் நாளே அங்கே அறிவித்துவிடுங்கள். மூடியிருக்க வேண்டியது சோதனைத் தளத்தின் கதவு மட்டும்தான். சோதனை நடக்கும் செய்தியையே மூடி வைத்தால், வசதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தேகத்தோடுதான் வரவேற்பு கிடைக்கும்.

எங்கே சோதிப்பது? விக்கிமீடியாவில் இதற்கு ஒரு படிக்கட்டே உண்டு. சேர்க்கப்பட்ட நிரல் முதலில் 'பீட்டா கிளஸ்டர்' என்ற தனி விக்கிக் கூட்டத்துக்குத் தானாகவே போகும். பிறகு வாராந்தர வெளியீட்டில் செவ்வாய்க்கிழமை சோதனை விக்கிகளுக்கும் மீடியாவிக்கி தளத்துக்கும், புதன்கிழமை விக்சனரி, விக்கிமூலம் போன்ற திட்டங்களோடு இத்தாலியம், ஹீப்ரு, காட்டலான் போன்ற சில விக்கிப்பீடியாக்களுக்கும், வியாழக்கிழமை மற்ற எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் போகும். வெள்ளிக்கிழமை எதையும் ஏற்றுவதில்லை, சனி ஞாயிறில் உடைந்தால் பார்க்க ஆள் இருக்காது என்பதால். உங்கள் அளவுக்கு இத்தனை படி வேண்டாம். ஒரு நகல் விக்கி, பிறகு நேரடி விக்கியில் சோதனையாளர்களுக்கு மட்டும், இந்த இரண்டு படி போதும்.

நேரடி விக்கியிலேயே ஒரு பெயர்வெளியை (பக்கங்களின் ஒரு பிரிவை) மறைத்து வைத்து அதற்குள் சோதிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மீடியாவிக்கி பக்கம் பக்கமாகப் படிக்கும் உரிமையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கட்டப்பட்டதல்ல. மறைத்த பக்கத்தை வார்ப்புருபோல (பல பக்கங்களில் அழைத்துப் பயன்படுத்தும் பொதுத் துண்டுபோல) இன்னொரு பக்கத்தில் அழைத்தால் உள்ளடக்கம் வெளியே வந்துவிடக்கூடும். மொத்தமாக மூடிய தனி விக்கிதான் பாதுகாப்பு. அமைப்புக் கோப்பில் அடையாளமில்லாதவர்களுக்குப் படிக்கும் உரிமையை நிறுத்துங்கள், கணக்குத் தொடங்குவதை நிறுத்துங்கள், புகுபதிகைப் பக்கத்தை மட்டும் விதிவிலக்காக விடுங்கள். பலர் விட்டுவிடுவது படங்களை. பதிவேற்றிய கோப்புகளை இணைய வழங்கியே (சர்வர்) நேராக எடுத்துக் கொடுத்துவிடும், விக்கியின் அனுமதியைக் கேட்காது. கோப்புகளும் மீடியாவிக்கியின் அனுமதிச் சோதனை வழியாகவே போகும்படி தனியே அமைக்க வேண்டும்.

நகல் எடுக்கும்போது தரவுத்தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயனர்களின் மின்னஞ்சல், கடவுச்சொல் சுருக்கங்கள், ஐபி முகவரிப் பதிவுகள் எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. அதோடு கவனிப்புப் பட்டியல்களும் கூடவே வரும். சோதனையாளர் ஒருவர் நகலில் முதற்பக்கத்தைத் தொட்டதும், அந்தப் பக்கத்தைக் கவனித்து மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் "நீங்கள் கவனிக்கும் பக்கம் மாற்றப்பட்டது" என்று உண்மையான மின்னஞ்சல் பறக்கும். பக்கங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து நகலில் இறக்குங்கள், கணக்குகளைப் புதிதாகத் தொடங்குங்கள். அதற்கும் மேலாக, முதல் தொகுப்புக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள்.

உள்ளடக்கத்தோடு வார்ப்புருக்கள், லுவா மொழியில் எழுதிய நிரல் கூறுகள், தளத்தின் பொது ஜாவாஸ்கிரிப்ட், பொது நடைத்தாள், கருவிகள் அத்தனையும் நகலுக்கு வர வேண்டும். வெறும் விக்கியில் எந்த வசதியும் வேலை செய்யும். வசதி உடைவது, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி எல்லோரும் மறந்துபோன ஒரு கருவியோடு மோதும்போதுதான்.

பக்கங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கண்ணோட்டம் வேண்டும். பயிற்சிக்கான மணல்தொட்டிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிச் சேமிப்பதால் எதுவும் தெரியவராது. உங்கள் விக்கியிலேயே மிக மோசமான பக்கங்களைப் பொறுக்குங்கள். மிக நீளமான கட்டுரை, கட்டங்கள் இணைக்கப்பட்ட அட்டவணை, ஒரு வார்ப்புருவில் தொடங்கி இன்னொரு வார்ப்புருவில் முடியும் அட்டவணை, தகவற்பெட்டிக்குள் மேற்கோள் உள்ள பக்கம், பூட்டிய பக்கம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் கருவிக்குப் பழைய பேச்சுப் பக்கங்கள் வேண்டும். அந்தக் கருவி கையொப்பத்தில் உள்ள நேரத்தை வைத்துத்தான் ஒரு கருத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கிறது. நேரமில்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போன கருத்துகளும், இடைவெளிக் குறிகள் தாறுமாறாக விழுந்த உரையாடல்களும் நிறைந்த பக்கம்தான் உண்மையான தேர்வு.

இந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் முதலில் செய்ய வேண்டியது மிக எளிய ஒரு காரியம். புதிய தொகுப்பியில் திறவுங்கள். ஒரே ஒரு எழுத்தை மாற்றுங்கள். சேமியுங்கள். பக்க வரலாற்றில் வேறுபாட்டைத் திறந்து பாருங்கள். மாறியிருக்க வேண்டியது அந்த ஒரு எழுத்து மட்டும்தான். எங்கோ ஒரு வரி இடைவெளி கூடியிருந்தால், வார்ப்புருவின் அளபுருக்கள் இடம் மாறியிருந்தால், அட்டவணைக் குறிகள் திருத்தி எழுதப்பட்டிருந்தால் அது வழு. விஷுவல் எடிட்டருக்கு அடியில் ஓடும் பார்சாய்டு நிரலை இதே முறையில்தான் சோதித்தார்கள். விக்கி உரையை எச்டிஎம்எல்லாக மாற்றி, திரும்ப விக்கி உரையாக்கி, இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் தானியங்கியாக ஒப்பிட்டார்கள். தொகுத்த பகுதியை மட்டும் புதிதாக எழுதி, தொடாத பகுதியைப் பழைய உரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இந்தச் சேதத்தைத் தவிர்ப்பதற்காகவே செய்யப்பட்டது. நீங்கள் நூறு பக்கத்தைக் கையால் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

தமிழ் விக்கி என்பதால் இன்னும் சில உண்டு. ஆங்கிலத்தில் சோதித்து அனுப்பப்படும் வசதிகளில் இவை கடைசிவரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

திருநெல்வேலி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் தரவுத்தளத்தில் 36 பைட்டு. முகவரிப் பட்டையில் விழுக்காட்டுக் குறிகளாக மாறும்போது 108 எழுத்துகள். மீடியாவிக்கியில் பக்கத் தலைப்பின் உச்சவரம்பு 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். ஆங்கிலத்தில் யாரும் முட்டாத சுவரில் தமிழில் அடிக்கடி முட்டுவோம். புதிய வசதி ஏதாவது தலைப்பைச் சுருக்கிக் காட்டினால், எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். உயிர்மெய்யின் நடுவில் வெட்டினால் கொம்பு போய் 'நெ' வெறும் 'ந' ஆகிவிடும்.

'கொ' என்ற எழுத்தைக் க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். மீடியாவிக்கி சேமிக்கும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் உலாவியிலேயே வேலை செய்யும் தேடல் பெட்டியோ இணைப்புப் பரிந்துரையோ அதைச் செய்யாமல் இருக்கலாம். 'ஔ' என்ற உயிரெழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் சேர்த்து எழுதுவது இன்னும் பரவலான சிக்கல், அதை எந்த ஒழுங்குபடுத்தலும் சரிசெய்யாது. இரண்டு வகையிலும் எழுதிய தலைப்புகளைச் சோதனைப் பக்கங்களில் வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தட்டச்சு. மீடியாவிக்கியின் உள்ளீட்டுக் கருவியில் எழுத்துப்பெயர்ப்பு முறையில் எழுதும்போது, முதல் விசையில் 'க்' விழும். அடுத்த விசையில் அந்தப் புள்ளி நீக்கப்பட்டு 'கொ' ஆகும். ஆக, ஒவ்வொரு விசையும் முன்னால் இருப்பதைத் தின்றுவிட்டு எழுதுகிறது. விஷுவல் எடிட்டர் போன்ற தொகுப்பிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் தாங்களே கவனித்துப் பதிந்துகொள்வதால், இந்த இடத்தில்தான் எழுத்து இரட்டிப்பதும் சுட்டி குதிப்பதும் நடக்கும். இந்திய மொழிகளுக்கும் கொரியன், ஜப்பானிய மொழிகளுக்கும் இந்தச் சிக்கலைத் தனியே உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. ஆகவே சோதனையாளர்கள் எல்லோரும் ஒரே விசைப்பலகை வைத்திருக்கக் கூடாது. தமிழ்99 ஒருவர், எழுத்துப்பெயர்ப்பு ஒருவர், கைப்பேசியில் சொற்பரிந்துரையோடு எழுதுபவர் ஒருவர், குரல்வழி எழுதுபவர் ஒருவர் என்று இருக்கட்டும். இணைப்பு முடியும் இடத்திலும், வார்ப்புருவை ஒட்டிய இடத்திலும், அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் எழுதிப் பின்னழிக்கச் சொல்லுங்கள்.

இடைமுகச் சொற்களையும் இப்போதே பாருங்கள். அவை டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்ப்பவை. புதிய வசதியின் செய்திகள் மொழிபெயர்க்கப்படாமல் கிடந்தால் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகத் தெரியும். அங்கே இன்று எழுதினால் உடனே உங்கள் தளத்துக்கு வந்துவிடாது, அடுத்த வெளியீடுவரை காத்திருக்க வேண்டும். மூடிய சோதனையின் முதல் நாளே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது ஆட்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும், ஆனால் யார் யார் என்பதில் கறாராக இருங்கள். வார்ப்புருக்களையும் கருவிகளையும் பராமரிப்பவர் கட்டாயம் வேண்டும். அண்மைய மாற்றங்களைத் தினமும் பார்க்கும் துப்புரவாளர் வேண்டும், ஏனென்றால் வசதி கெடுத்துவைப்பதைச் சுமக்கப் போகிறவர் அவர்தான். கைப்பேசியில் எழுத்துப்பிழை மட்டும் திருத்துபவர், இதுவரை ஒரு தொகுப்புகூடச் செய்யாத இரண்டு மூன்று பேர், பிறகு "இந்த வசதியே வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்பவர் ஒருவர். கடைசி ஆளைத்தான் நான் முதலில் அழைப்பேன். அவர் காட்டும் குறைகள் திருத்தப்படுவதை அவரே பார்த்தால், திறக்கும் நாளில் ஆலமரத்தடியில் அவர் சொல்லும் நாலு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு உங்கள் அறிவிப்புக்கு இருக்காது. புதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் ஒரு பொத்தானைச் சுட்டிக்காட்டிய அந்த நொடியே அந்தச் சோதனை முடிந்துவிடும்.

2013-க்குப் பிறகு விக்கிமீடியாவும் இந்தத் திசையில்தான் நகர்ந்தது. புதியவர்களுக்கான வசதிகளை 2018 முதல் செக், கொரியன் விக்கிப்பீடியாக்களோடு பேசி, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையே தூதர்களாக வைத்துத் தொடங்கினார்கள். பதில் கருவி 2020-ல் அரபு, டச்சு, பிரெஞ்சு, ஹங்கேரிய விக்கிப்பீடியாக்களில் முதலில் வந்தது. வெக்டர் 2022 தோற்றத்தின் மாற்றங்களை 2020 முதல் பிரெஞ்சு, ஹீப்ரு, பாஸ்க் போன்ற விக்கிகளில் படிப்படியாக விட்டு, ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2023 ஜனவரியில்தான் கொண்டுவந்தார்கள். அப்போதும் எதிர்ப்பு வந்தது. ஆனால் பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வழி விருப்பத்தேர்வுகளில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

நகல் விக்கியில் ஒரு வாரம் குறித்துக் கொடுத்த வேலைகள் போதும். அதற்கு மேல் அங்கே யாருக்கும் மனம் ஒட்டாது, அழிந்துபோகப் போகும் தளத்தில் யார் உழைப்பார்கள்? அடுத்த இரண்டு வாரம் அதே ஆட்களுக்கு நேரடி விக்கியில் திறந்துவிட்டு, அவரவர் வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லுங்கள். விஷுவல் எடிட்டரும் பதில் கருவியும் தாங்கள் வழி வந்த தொகுப்புகளுக்குத் தாமாகவே ஒரு அடையாளச் சீட்டை ஒட்டிவிடும். அண்மைய மாற்றங்களில் அந்தச் சீட்டை வைத்து வடிகட்டினால், எவை மீளமைக்கப்பட்டன, எவற்றுக்குப் பின்னால் இன்னொருவர் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது என்பது தெரியும். புகார்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் மறுநாளே மேலே போய்விடும். நேரடி விக்கியில் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பக்கத்தில், வேறுபாட்டின் இணைப்பு, உலாவி, விசைப்பலகை, தோற்றம் ஆகியவற்றோடு எழுதச் சொல்லுங்கள்.

நாட்களின் எண்ணிக்கையை மாற்றக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வசதியை நாளை அணைத்தால் என்ன மிஞ்சும்? பதில் கருவி பேச்சுப் பக்கத்தில் சாதாரண விக்கி உரையைத்தான் எழுதுகிறது. அணைத்துவிட்டால் எழுதியவை எழுதியபடி இருக்கும், அது வந்துபோன சுவடே தெரியாது. விஷுவல் எடிட்டரும் அப்படியே. ஆனால் 2014 முதல் சில விக்கிகளில் சோதிக்கப்பட்ட 'ஃப்ளோ' உரையாடல் வசதி வேறு வகை. அது கருத்துகளைத் தனக்கென்று ஒரு வடிவில், தனி அட்டவணைகளில் சேமித்தது. வேண்டாம் என்று முடிவானபோது ஒரு வரியை மாற்றி அணைக்க முடியவில்லை. ஒவ்வொரு உரையாடலையும் விக்கி உரையாக மாற்றிப் பழைய இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து அது 2016-ல் நீக்கப்பட்டது, மற்ற விக்கிகளில் அந்தப் பக்கங்களை மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சுவடு விடாத வசதிக்கு மூன்று வாரம் போதும். சுவடு விடும் வசதி என்றால், அதில் எழுதியதை முழுவதுமாகப் பழைய வடிவுக்குத் திருப்பிக் காட்டும்வரை ஒருவருக்கும் திறக்காதீர்கள். எந்த வகையாக இருந்தாலும், அணைப்பதையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அமைப்புக் கோப்பில் எந்த வரி, யாருக்கு அந்த அணுகல் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்து யார் என்பது எழுதியிருக்கட்டும்.

நிறுத்தும் கோடுகளுக்கு என் பரிந்துரை இது. தொடாத உரை மாறிய ஒரு சம்பவம் திருத்தப்படாமல் இருந்தாலும் திறக்கக் கூடாது. தமிழ்த் தட்டச்சில் ஏதேனும் ஒரு முறை எழுத்தை இழந்தால் திறக்கக் கூடாது. புதிய வசதி வழி வரும் தொகுப்புகளைச் சரிபார்க்கத் துப்புரவாளருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று அவரே சொன்னால், அவர் சம்மதிக்கும்வரை காத்திருங்கள். பொத்தான் நிறம், சொல்லின் அழகு போன்றவற்றைத் திறந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் இரண்டு வசதிகளையும் சேர்த்துச் சோதிக்காதீர்கள். ஏதாவது உடைந்தால் எதனால் என்று கண்டுபிடிப்பதற்குள் சோதனையாளர்கள் சலித்துவிடுவார்கள். பதில் கருவியை முதலில் எடுங்கள். அது ஓடுவதற்கு விஷுவல் எடிட்டர் நீட்சி தளத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதை நிறுவிவிட்டு, கட்டுரைகளைத் தொகுப்பதற்கு இயல்பாக வராதபடி அணைத்து வைத்துக்கொள்ளலாம். மீடியாவிக்கி 1.35 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் பார்சாய்டு உள்ளேயே வருகிறது, தனி வழங்கி வேண்டாம். பழைய பதிப்பில் இருந்தால் பதிப்பு மேம்படுத்தலை முதலில் முடித்து, அது ஒரு மாதம் அமைதியாக ஓடட்டும். பதில் கருவி திறந்து, புகார்ப் பக்கத்தில் புதிதாக எதுவும் வராத நிலை வந்ததும் அதே குழுவோடு விஷுவல் எடிட்டரைத் தொடங்குங்கள். புதியவர்களை மட்டும் மாற்றிவிடுங்கள், முதல் சோதனையில் இருந்தவர்கள் அதற்குள் பழகியிருப்பார்கள்.